பெயின்ட் காயும்வரை பூங்காவில்

வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறேன் என்று நான் சொன்ன அன்று இவர் ஒன்றும் சொல்லவில்லை. இவர் என்றால் என் வீட்டுக்காரர். மேகமலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பத்து மூன்று வருடம் பீல்டு சூப்பர்வைசராக இருந்துவிட்டு, போன வருடம் ரிட்டயர் ஆகி, என்னையும் பத்துப் பன்னிரண்டு அட்டைப்பெட்டிகளையும் கூட்டிக்கொண்டு தேனிக்கு இறங்கி வந்தவர். பேச்சு குறைவு. பேசினால் மழையைப் பற்றிப் பேசுவார், இல்லாவிட்டால் மழை பெய்யாததைப் பற்றி. அதனால் அவர் சும்மா இருந்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாய் திறக்கவில்லை என்றால் சம்மதம் என்றுதான் கல்யாணம் ஆன நாளிலிருந்து எனக்குப் பழக்கம்.

பெயின்ட்டுக்கு முன்னால் ஒரு போன் வந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. மலையில் இன்னொரு தோட்டத்து மேனேஜர் கூப்பிட்டார். புதிதாகச் செடி நட்ட பகுதி ஒன்று இருக்கிறதாம், விஷயம் தெரிந்த ஆள் கிடைக்கவில்லையாம், இரண்டு வருடக் கான்ட்ராக்டில் வர முடியுமா என்று கேட்டார். தனி ஆளுக்கு ஒரு அறை, கேன்டீனில் சாப்பாடு. வருகிற ஒன்றாம் தேதிக்குள் பதில் சொன்னால் போதும் என்றாராம். போனை வைத்துவிட்டு இதையெல்லாம் இவர் என்னிடம் ஒப்பித்தார். ஒப்பித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். போகலாமா வேண்டாமா என்று கேட்கவில்லை.

எனக்கு இனிமேல் மலை கிடையாது. கடைசி நாலைந்து வருடம் அந்தப் பனிமூட்டத்தில் எனக்கு இளைப்பு வந்து, மூச்சு விட முடியாமல் ஜீப்பில் தூக்கிப்போட்டுக்கொண்டு சின்னமனூருக்கு ஓடியது மூன்று தடவை. தேனி டாக்டர் இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஆக இவர் போனால் தனியாகத்தான் போக வேண்டும். மாதத்துக்கு ஒரு தடவை இறங்கி வருவார், சட்டையைத் துவைத்துக் கொடுத்தால் மறுபடி ஏறுவார். மகள் கோயம்புத்தூரில். நான் இங்கே நாலு சுவரோடு.

'போகாதீங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். எனக்கு அது வராது. முப்பத்து மூன்று வருடத்தில் தோட்டத்துக்குள்ளேயே எங்களை நாலு டிவிஷனுக்கு மாற்றினார்கள். காலையில் ஆர்டர் வரும், மத்தியானத்துக்குள் நான் சட்டி பானை கட்டிவிடுவேன், டிராக்டர் வந்து ஏற்றிக்கொண்டு போகும். போக வேண்டாம் என்று சொல்வதற்கு அங்கே இடமே இல்லை. சொன்னால் கேட்பதற்கு இவருக்கும் அதிகாரம் இல்லை. அப்படியே இருந்து இருந்து அந்த வார்த்தையே என் வாயிலிருந்து போய்விட்டது. எத்தனையோ விஷயத்தில் நான் வாயாடி. இதில் மட்டும் ஊமை.

அதனால் வாயால் சொல்லாததைச் சுவரால் சொல்வோம் என்று இறங்கினேன். எங்கள் வீடு நாங்கள் கட்டியதுதான், ஆனால் கட்டிய நாளிலிருந்து வாடகைக்கு விட்டிருந்தோம். நாங்கள் வந்து சேர்ந்தபோது ஹாலுக்கு யாரோ கடல் நீலம் அடித்திருந்தார்கள். சுவரில் முழத்துக்கு ஒரு ஆணி. படுக்கையறையில் ஏதோ ஒரு குழந்தை தன் உயரம் வரைக்கும் கிரேயானால் ரயில் விட்டிருந்தது. இந்த வீட்டில் இவர் ஒரு வருடமாக விருந்தாளி மாதிரி இருந்தார். துணியைப் பீரோவில் வைக்கவில்லை, பையிலேயே வைத்து எடுத்துக்கொண்டார். ஃபேன் போடட்டுமா என்று என்னைக் கேட்டார். சொந்த வீட்டில் ஃபேன் போட அனுமதி கேட்கிற மனுஷனை என்ன செய்வது? வீடு பார்க்க லட்சணமாக இருந்தால் ஆள் ஒட்டிக்கொள்வார், ஒன்றாம் தேதி வரும்போது மலைக்குப் போகக் கால் எழாது என்பது என் திட்டம். யோசித்துப் பார்த்தால் அதில் திட்டம் என்று சொல்ல ஒன்றுமில்லை. பயம்தான் இருந்தது.

பெயின்டர் சின்னமனூர்க்காரர். நிதானமான ஆள், என்னை அக்கா என்பார். கலர் கார்டு என்று ஒரு விசிறி மாதிரி விரித்துக் காட்டினார். இருநூறு முந்நூறு நிறம், ஒவ்வொன்றுக்கும் வாயில் நுழையாத இங்கிலீஷ் பெயர். நானும் அவரும் சேர்ந்து அதையெல்லாம் காய்கறி ஆக்கினோம். ஹாலுக்கு முற்றின பூசணிக்காயின் உள்பக்கம். சமையல்கட்டுக்கு நீர்ப்பூசணித் தோல். இவருடைய அறைக்கு மட்டும் நான் மூன்று நாள் யோசித்துக் கத்தரிப்பூ நிறம் எடுத்தேன். அந்த அறையின் தெற்கு ஜன்னலைத் திறந்தால் தூரத்தில் மலை தெரியும். சாயங்கால நேரத்தில் மலை அந்த நிறத்துக்குத்தான் வரும். பெயின்டர் மறக்காமல் இருக்கச் சுவரில் பென்சிலால் 'க.பூ.' என்று எழுதிக்கொண்டார்.

தோட்டத்துக் கோட்டர்ஸில் நாங்கள் இருந்தவரை ஒரு சுவரும் எங்களுடையது இல்லை. எல்லா வீட்டுக்கும் உள்ளே வெள்ளை, இடுப்புவரை பச்சை. எந்தக் கோட்டர்ஸில் கண்விழித்தாலும் ஒரே வீடு. இந்த அறுபது வயதில் பூசணியா கத்தரிப்பூவா என்று முடிவு செய்கிற சுகம் எனக்குக் கிடைத்தது. பொய் சொல்லவில்லை, கொஞ்சம் தலைக்கு ஏறிவிட்டது. புதுத் திரை, புது மெத்தை உறை, டைனிங் டேபிளைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பது, மறுபடி பழையபடியே போடுவது. மகளிடம் வீடியோ காலில் சுவர் சுவராகக் காட்டினேன். "அம்மா, அப்பா என்ன சொல்றாங்க?" என்று கேட்டாள். அவர் பேசாமல் இருக்கிறார், பிடித்திருக்கிறது போல என்றேன்.

மூன்றாம் நாளே என் திட்டத்துக்கு ஆப்பு வந்தது. சுவருக்குப் பட்டி என்று ஒரு மாவுக் குழைவைப் பூசி, காய்ந்ததும் உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பார்கள். அந்தத் தூசு மாவு மில்லுக்குள் நிற்கிற மாதிரி. அதோடு கதவு ஜன்னலுக்கு எனாமல், அதற்குத் தின்னர் வாடை. எனக்கு இளைப்பு பிடித்துக்கொண்டது. டாக்டர் உறிஞ்சுகிற மருந்தை எழுதிக் கொடுத்துவிட்டு, வேலை முடியும்வரை பகலில் வீட்டில் இருக்காதீர்கள் என்றார். காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை எங்கே போவது? சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் காபிக்கு ஒரு கேள்வி, சாப்பாட்டுக்கு நாலு கேள்வி. இவர்தான் வைகை அணைப் பூங்காவுக்குப் போவோம் என்றார். தூசு இருக்காது, மர நிழல் இருக்கும், நடக்கலாம்.

எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு கிளம்பினோம். ஆண்டிபட்டியில் இறங்கி அடுத்த பஸ். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது, இவருக்கு மட்டும் டிக்கெட். கண்டக்டர் என்னைத் தாண்டி இவரிடம் கை நீட்டும் ஒவ்வொரு தடவையும் எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம். இவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். மூன்றாம் நாளிலிருந்து டிக்கெட்டை என் கையில் கொடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார்.

பூங்கா பெரியது. அணைக்கட்டுக்குக் கீழே ஆற்றின் இரண்டு கரையிலும் கிடக்கிறது, நடுவில் ஒரு பாலம். ஒரே நாளில் சுற்றினால் கால் கழன்றுவிடும். மற்றவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு, ஊஞ்சலில் பிள்ளைகளை ஆட்டிவிட்டு, வெளியே வந்து பொரித்த மீன் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். எங்களுக்குப் பூங்காவில் எப்படி இருப்பது என்றே தெரியவில்லை. மலையில் நடப்பது என்றால் வேலைக்கு நடப்பது. ஒன்றுக்கும் இல்லாமல் ஒரு பாதையில் போய் அதே பாதையில் திரும்பி வருவதை இவர் வாழ்க்கையில் செய்ததில்லை. முதல் நாள் ஒரு பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்தார். கால் ஆடிக்கொண்டே இருந்தது. பிறகு எழுந்து, "இங்கன கெழக்க இருந்து ஆரம்பிப்போம். ஒரு நாளைக்கு ஒரு டிவிஷன்" என்றார். அவ்வளவுதான், பூங்கா தோட்டம் ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு வாரம் அவர் முன்னால், நான் பின்னால். இதில் எனக்கு ஒரு ஆச்சரியம் இருந்தது. மலையில் இவர் ஆறு மணிக்கு ஆள் கணக்கெடுக்கப் போனால் இருட்டியபிறகுதான் வருவார். வேலை செய்கிற இடத்தில் நான் அவரைப் பார்த்ததே கிடையாது. இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியும் இவர் எப்படி நடப்பார் என்று எனக்குத் தெரியாது. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, ஒரு கண்ணால் பாதையையும் ஒரு கண்ணால் செடியையும் பார்த்துக்கொண்டு நடக்கிறார். வாய்க்கால் வந்தால் நிற்கிறார். தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்காமல் நகர மாட்டார். பேர் தெரியாத செடியானால் இலையைக் கிள்ளி விரலில் வைத்து உருட்டுகிறார். சரிவில் இறங்கும்போது எப்படிப் பக்கவாட்டில் கால் வைத்தால் முட்டி வலிக்காது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார். நாலு படி இறங்குவதற்கு அது தேவையே இல்லை, ஆனாலும் நான் பக்கவாட்டில் இறங்கினேன்.

சங்கடங்களும் உண்டு. புதர் ஓரங்களில் காலேஜ் பிள்ளைகள் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருப்பார்கள். இவர் எந்தப் புதரையும் விடாமல் பார்வையிட வேண்டும் என்று நேராக அங்கே போவார். அந்தப் பிள்ளைகள் பதறிப் புத்தகத்தைத் திறக்கும். நான் சட்டையைப் பிடித்து இழுப்பேன். "அங்கன வேர் அழுகுன மாதிரி தெரியுது" என்பார். அழுகட்டும், வாங்க என்று இழுத்துக்கொண்டு போவேன். ஒரு நாள் நாங்களே ஒரு புதருக்குப் பின்னால் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டோம். எங்களைப் பார்த்து ஒரு ஜோடி நகர்ந்து போனது. இவர் சிரித்தார். ரிட்டயர் ஆனபிறகு அவர் சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அந்த நாட்களில் எனக்கு இவர் மேல் ஒரு தனிப் பிரியம் வந்தது. புதிதாக வந்தது என்றும் சொல்லலாம். சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பினால் இன்னொரு சுவர் நிறம் மாறியிருக்கும். நான் கையைத் தட்டி, தொட்டுப் பார்த்து, பெயின்டரைப் பாராட்டுவேன். இவர் வாசலிலேயே நின்று எட்டிப் பார்ப்பார். நல்லாருக்கு என்பார். உள்ளே வந்து உட்கார மாட்டார். ஈரமாக இருக்கிறது என்று நிற்கிறார் போல என்று நானும் விட்டுவிட்டேன்.

ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, வெள்ளிக்கிழமை, அது நடந்தது. பாதையோரம் இடுப்புயரத்துக்கு வேலிச்செடி வைத்திருந்தார்கள். ஐந்தாறு பெண்கள் பெரிய கத்தரியால் மேல்பக்கத்தை வெட்டிக்கொண்டிருந்தார்கள். இவர் கொஞ்ச நேரம் பார்த்தார். நடங்க என்றேன். அதற்குள் வரிசையின் நடுவில் போய் நின்றுவிட்டார்.

"ஏ ஆத்தா, இப்படியா வெட்டுறது? வெட்டு சாய்வா விழணும். தட்டையா வெட்டினா தண்ணி நின்னு குச்சி கருகிப் போகும். இந்த வரிசைய விட்டுட்டு எல்லாரும் அந்தக் கடைசியிலருந்து வாங்க."

குரல் மலைக் குரல். நாற்பது பேருக்குக் கேட்கும்படி. பெண்கள் எல்லாரும் நிமிர்ந்தார்கள். இரண்டு பேர் உண்மையிலேயே கடைசிக்குப் போகக் கால் எடுத்தார்கள். வரிசையில் மூத்தவராக இருந்த ஒரு பெண் மட்டும் கத்தரியை மடக்கிக்கொண்டு, மரியாதையாகவே கேட்டார்.

"அய்யா எந்த ஆபீசுலருந்து வந்திருக்கீக?"

இவர் வாயைத் திறந்தார். முப்பத்து மூன்று வருடம் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருந்தது. தோட்டத்துப் பெயர், டிவிஷன், பதவி. இப்போது அது இல்லை என்று அந்த நிமிஷம்தான் அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். தேயிலையில் வேலை பார்த்தேன் என்று ஏதோ சொல்ல ஆரம்பித்து நிறுத்தினார். எனக்குத் தாங்கவில்லை. முந்திக்கொண்டு, "எங்க வீட்டுக்காரருதான்" என்று சொன்னேன்.

சொன்ன உடனே தெரிந்தது, சொல்லியிருக்கக் கூடாது. பெண்கள் சிரித்தார்கள். கேலி இல்லை, நல்ல சிரிப்புதான். வீட்டுக்காரராக இருந்தால் வீட்டில் வெட்டச் சொல்லுங்க என்றார் ஒருவர். மூத்த பெண் இவரைப் பார்த்து, இது தேயிலை இல்லை அய்யா, வெறும் வேலிச்செடி, எப்படி வெட்டினாலும் பத்து நாளில் பிடித்துக்கொண்டு வந்துவிடும், நாங்கள் வருடக்கணக்காக இப்படித்தான் வெட்டுகிறோம் என்று பொறுமையாக விளக்கினார். செடிகளைப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி என்று எனக்கே தெரிந்தது. ஒன்றும் கருகியிருக்கவில்லை. இவர் தலையை ஆட்டிவிட்டு நடந்தார். கையைப் பின்னால் கட்டவில்லை. இரண்டு கையும் பக்கத்தில் சும்மா தொங்கின.

ஆண்டிபட்டியில் டீ வாங்கிக் கொடுத்தேன், பாதி குடித்தார். வீடு வந்து செருப்பைக் கழற்றும்போது, "திங்கக்கெழம மேல போயி மேனேஜரைப் பாத்துட்டு வந்துர்றேன்" என்றார்.

நான் சரி என்றேன்.

சரி என்று சொன்ன என் நாக்கை என்ன செய்யலாம் என்று இருந்தது. ஆனால் கோபம் முழுக்கப் பெயின்டர் மேல் போனது. ஹாலில் பூசணி நிறம் திட்டுத் திட்டாக இருக்கிறது என்று பிடித்துக்கொண்டேன். அவர் பாவம், விளக்கைப் போட்டு, அணைத்து, மறுபடி போட்டுக் காட்டினார். "அக்கா, ரெண்டு கோட்டு ஓட்டியாச்சு. காஞ்சா ஒரே மாதிரி ஆயிரும்." எனக்கு அது தெரியாதா? சமையல்கட்டில் நின்று முகத்தைக் கழுவிக்கொண்டேன். இத்தனை பூசியும் ஆளைப் பிடித்து வைக்க முடியவில்லையே என்று அழுகை வந்தது. ஒரு நிறம்கூட அவர் கண்ணில் படவில்லையே என்றும் வந்தது.

சனிக்கிழமை இவருடைய அறைக்கு முறை. எல்லாவற்றையும் எடுத்தால்தான் வேலை ஆரம்பிக்க முடியும் என்றார் பெயின்டர். இவர் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் அறையை நானே ஒழித்துக் கொடுத்தேன். பூட்ஸ், மழைக்கோட்டு, ஸ்வெட்டர், அட்டைப்பூச்சி ஏறாமல் இருக்கக் கட்டுகிற காலுறை, நடக்கிற கம்பு. எல்லாம் மலைச் சாமான், கீழே வந்தபிறகு தொட்டதே இல்லை. ஒரு அட்டைப்பெட்டியில் அடுக்கி, கயிறு போட்டுக் கட்டினேன். மற்ற அறையெல்லாம் ஈரம், அதனால் வாசல் கதவோரம் வைத்தேன். கட்டுவதில் நான் கெட்டிக்காரி. நாலு முடிச்சில் பெட்டி அசையாது. இவர் குளித்துவிட்டு வந்து அந்தப் பெட்டியைப் பார்த்தார், அதைச் சுற்றிக்கொண்டு போய்ச் சட்டை மாட்டினார். அன்றைக்குப் பூங்காவில் ஒரு டிவிஷனும் பார்க்கவில்லை. பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை பெயின்டர் வரவில்லை, ஆனால் முந்தின நாள் அடித்த எனாமல் வாடை வீடெல்லாம் நின்றது. மறுநாள் இவர் மலைக்குப் போகிற நாள். கடைசியாக ஒரு தடவை என்று நினைத்துக்கொண்டு கிளம்பினேன். பூங்காவில் கூட்டம் நெரிந்தது. மதுரையிலிருந்து வேன் வேனாக வந்து ஜமுக்காளம் விரித்துக் குடும்பம் குடும்பமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பாலத்தைத் தாண்டி மறுகரையில் நாங்கள் இன்னும் பார்க்காத ஒரு மூலை இருந்தது. அங்கே மரத்தடியில் ஒரு சிமென்ட் பெஞ்ச். இவர் துண்டால் தட்டிவிட்டு என்னை உட்காரச் சொன்னார்.

சாப்பாட்டைப் பிரித்து வைத்தேன். இவர் தொடவில்லை. ஆற்றைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நான் நாளைக்குப் போறதுக்குள்ள நீ பெட்டியக் கட்டி வாசல்ல வச்சிட்டியேம்மா."

எந்தப் பெட்டி என்று கேட்டேன். எனக்கு நிஜமாகவே விளங்கவில்லை. பூட்ஸ், ஸ்வெட்டர் என்றார். அது பெயின்ட் அடிக்க ஒழித்தது என்றேன்.

"கோவமெல்லாம் இல்ல. நீ பெயின்ட் அடிக்க ஆள் கூப்பிட்ட அன்னைக்கே எனக்கு வெளங்கிருச்சு."

"என்னத்த வெளங்குச்சு ஒங்களுக்கு?"

"தோட்டத்துல எப்ப வெள்ளையடிப்பாக?"

பதில் எனக்குத் தெரியும். கோட்டர்ஸில் ஆள் குடியிருக்கும்போது வெள்ளை அடிக்க மாட்டார்கள். எத்தனை வருடமானாலும் சுவர் கருத்தே கிடக்கும். இருக்கிற ஆள் காலி செய்தால்தான் சுண்ணாம்பு வாளி வரும், அடுத்த ஆளுக்காக. தன் டிவிஷனில் யார் காலி செய்தாலும் வெள்ளையடிக்க ஆள் அனுப்பியது இவர்தான். நாங்கள் கீழே இறங்கிய அன்று, நான் உள்ளே மூட்டை கட்டிக்கொண்டிருக்கும்போதே வாளியோடு இரண்டு பேர் வாசலில் வந்து நின்றார்கள். இவர்தான் அவர்களை ஒரு மணி நேரம் கழித்து வரச் சொன்னார். இந்த மனுஷனுக்குச் சுவரில் பிரஷ் படுகிறது என்றால் ஒரு ஆள் கிளம்புகிறான் என்று அர்த்தம். வீட்டில் இருப்பது இரண்டு பேர், அதில் மலைக்கு வா என்று போன் வந்தது அவருக்கு. நான் பூசணியும் கத்தரிப்பூவும் தேடித் தேடி எடுத்தது, அவர் போனபிறகு எனக்குப் பிடித்த மாதிரி இருந்துகொள்வதற்காக என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அதனால்தான் உள்ளே வந்து உட்காரவில்லை.

எனக்கு முதலில் வந்தது கோபம். எலுமிச்சைச் சாத டப்பாவை மூடிப் படாரென்று வைத்தேன்.

"நான் ஒங்கள அனுப்பவா அடிச்சேன்? நீங்க இங்கனயே இருக்கணும்னுல்ல அடிச்சேன்."

"அத நீ சொல்லலையே."

"நீங்க கேக்கலையே."

"கேக்க எனக்கு எப்படித் தெரியும்? மாத்தல்னு சொன்னா நீ கயித்த எடுத்துருவ. ஒரு தடவகூட நின்னதில்ல. போறது ஒனக்குச் சம்மதமான்னு எனக்கு ஒரு நாளும் தெரியாது."

நாலு தடவையும் நான் எங்கேயாவது மறைந்து அழுதிருக்கிறேன். இரண்டாவது டிவிஷனை விட்டு வந்தபோது, அங்கே நான் வைத்த ரோஜாச் செடியை விட்டு வர மனசில்லாமல் டிராக்டரின் பின்பக்கம் உட்கார்ந்து வழி முழுக்க அழுதேன். இவர் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்? வேலை கெடக் கூடாது என்று நான் கட்டிக்கொண்ட வாய். வேலை முடிந்து ஒரு வருடமாகியும் அவிழ்க்காமல் வைத்திருந்தது என் தப்பு. பெயின்ட் டப்பாவுக்கு வாயைக் கொடுத்துவிட்டு நான் சும்மா இருந்தேன்.

பக்கத்தில் ஒரு குடும்பம் பந்து எறிந்து விளையாடிக்கொண்டிருந்தது. பந்து எங்கள் பெஞ்சுக்கு வந்தது. இவர் எடுத்து எறிந்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். அந்த இடைவெளியில் எனக்குத் தைரியம் வந்ததா, இல்லை இனிமேல் எப்போது என்று தோன்றியதா, தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்க்காமல், ஆற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"போகாதீங்க."

மூன்று விநாடி வேலை. சொல்லி முடித்ததும் எனக்கு மூச்சு வாங்கியது, இளைப்பு மருந்தை எடுக்கலாமா என்று பார்த்தேன். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அதை மறைக்கத் துண்டை எடுத்தவர், என்ன நினைத்தாரோ, மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"இந்த ஒரு வார்த்தையச் சொல்றதுக்கு இம்புட்டு பெயின்ட்டாம்மா?"

நான் சிரித்துவிட்டேன். அழுதேன் என்றும் சொல்லலாம், இரண்டும் சேர்ந்துதான் வந்தது. பந்து விளையாடிய பெண் என்னைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளை அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். இவர் மூடி வைத்த டப்பாவைத் திறந்து எனக்கு முதலில் எடுத்து வைத்தார். பாதிக்கு மேல் சாப்பிட்டபிறகு, மேனேஜர் தனக்காக வேறு ஆள் தேடாமல் காத்திருக்கிறார், நாளை வரை வைத்திருப்பது நியாயம் இல்லை என்று சொல்லிச் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கச் சொன்னார். வர முடியாது என்றார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டது. இல்லை சார், உடம்புக்கு ஒன்றுமில்லை என்றார். மறுபடி ஏதோ கேட்டது. இவர் எழுந்து நின்றார். ஆள் கணக்கெடுக்கும்போது நிற்பார்களே, அப்படி நேராக.

"வீட்டுல போக வேணாங்கிறாக சார்."

அந்தப் பக்கத்தில் மேனேஜர் சிரித்தது எனக்கே கேட்டது. சரி சரி என்றதும் கேட்டது. ஆனாலும் இவர், இல்லை சார், வீட்டில் போக வேணாங்கிறாக என்று இன்னும் கொஞ்சம் சத்தமாக இன்னொரு தடவை சொன்னார். ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜர் போனை வைத்துவிட்டார், லைன் அறுந்த சத்தம் எனக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டது. இவர் போனைக் காதிலிருந்து எடுக்காமல் மூன்றாவது தடவையும் அதையே சொன்னார்.